தானாக நின்று தானாகக் கிளம்பும் லேப்டாப்: கடைக்குப் போகுமுன் கவனிக்க வேண்டியவை

(மும்பை நமது பகுதி நேர நிருபர்)

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், கல்யாண் என்று மும்பையில் நம்மவர்கள் வசிக்கும் பகுதிகளில் பல வீடுகளில் இன்று ஒரு லேப்டாப்பைக் காணலாம். முன்பு தையல் மிஷின் இருந்த மூலையில் இப்போது அது இருக்கிறது. சிலர் அதை லாமிங்டன் ரோட்டில் பழைய சாமானாக வாங்கியிருப்பார்கள். வேறு சிலருடையது, தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஊரில் தம்பிக்கோ தங்கைக்கோ கிடைத்து, ரயிலேறி இங்கு வந்து சேர்ந்ததாக இருக்கும். மகனின் கல்லூரிப் பாடம், மகளின் வேலை மனு, சீட்டுக் கணக்கு, கடைக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன.

இப்படிப்பட்ட லேப்டாப், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துபோவதும், சில சமயம் தானாகவே மீண்டும் கிளம்புவதும் இன்று பரவலான தொல்லையாகிவிட்டது. கடைக்கு எடுத்துச் சென்றால், "போர்ட் கயா" என்ற இரண்டே வார்த்தையில் தீர்ப்பு வந்துவிடுகிறது. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றால் பல ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது என்ன என்பது நமக்குத் தெரியாததல்ல.

போர்டு கெட்டுப்போவது உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் இந்தத் தொல்லைக்கான காரணங்களில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. தூசி, அடாப்டர், பாட்டரி, மென்பொருள் என்று செலவு குறைந்த காரணங்கள் அதற்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. அவற்றை வீட்டிலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வேலை எது?

ரிப்பேர் அல்ல. உள்ளே இருக்கும் கோப்புகளைப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பு கெடலாம்; டிஸ்க்கே பழுதாகி வந்தால் எல்லாமே போகலாம். லேப்டாப் வேறு வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடக் கணக்கையும் கல்யாணப் போட்டோவையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே அது ஓடுகிற சமயம் பார்த்து, முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ ஏற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

பதிவேடு எழுதுங்கள்

ஒரு வண்டி வழியில் நின்றால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன காரணத்தால் என்று எழுதிவைப்பது ரயில்வேயில் வழக்கம். பல நாள் பதிவை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஒரே இடத்தில் வண்டி நிற்கிறது என்பது தெரியவரும். லேப்டாப்புக்கும் அப்படி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எழுத வேண்டியவை இவை: கிளப்பி எத்தனை நிமிஷத்தில் நின்றது? அப்போது என்ன வேலை நடந்தது? சார்ஜர் மாட்டியிருந்ததா, பாட்டரியில் ஓடியதா? அடிப்பக்கம் சுட்டதா? விசிறிச் சத்தம் கேட்டதா? விளக்கு அணைவது போல் சட்டென்று நின்றதா, நீலத்திரை தோன்றி மீண்டும் கிளம்பியதா?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. சட்டென்று இருண்டு அப்படியே கிடந்தால் உஷ்ணத்தையோ மின்சாரத்தையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். தானாகவே மீண்டும் கிளம்பினால் மென்பொருளையோ மெமரியையோ சந்தேகிக்கலாம். இது நூற்றுக்கு நூறு சரியான விதியல்ல என்றாலும், தொடங்குவதற்கு நல்ல வழி.

இன்னொரு விஷயம். மீண்டும் பட்டனை அழுத்தியதும், விட்ட இடத்திலிருந்தே எல்லாம் திறந்தபடி வந்தால், அது நிற்கவே இல்லை, தூங்கியிருக்கிறது. மூடியை மூடினால் தூங்குவதற்காகப் பல லேப்டாப்புகளில் காந்தத்தை உணரும் சிறு கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். காந்தப் பூட்டு வைத்த மொபைல் உறையைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தால்கூட, மூடி மூடிவிட்டதாக நினைத்து அது தூங்கிவிடும். உறையை எடுத்து அப்பால் வைப்பதோடு இந்த வியாதி தீர்ந்துவிடும்.

உஷ்ணமே முதல் எதிரி

ரயில் சக்கரத்தின் அச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வண்டியை நிறுத்தி, அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுவது உண்டு. அச்சு முறிந்து விபத்து நேராமல் இருக்க அந்த ஏற்பாடு. லேப்டாப்பின் மூளையான பிராஸசரும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பெரும்பாலான பிராஸசர்களுக்கு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தை அறுத்துவிடும். அதாவது இப்படி நிற்பது பழுதல்ல, பாதுகாப்பு. பழுது, சூட்டை வெளியேற்ற வேண்டிய வழியில் இருக்கிறது.

அந்த வழி மிகக் குறுகலானது. பிராஸசர் மேல் ஒரு பசை. அதன்மேல் செம்புக் குழாய். குழாயின் முனையில் சீப்புப் பற்கள் போன்ற மெல்லிய தகடுகள். அவற்றின் ஊடே காற்றைத் தள்ளும் சிறு விசிறி. சாலைத் தூசியும் பஞ்சும் தகடுகளுக்கு முன்னால் கம்பளி போலப் படிந்துவிட்டால், விசிறி எவ்வளவு சுற்றியும் பயனில்லை. சில ஆண்டுகளில் பசையும் காய்ந்துவிடும். போதாக்குறைக்கு நாம் லேப்டாப்பை மெத்தையிலும் தலையணையிலும் வைத்துக்கொள்கிறோம். காற்று உள்ளே போகும் துவாரம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. மெத்தை அதை அடைத்துவிடுகிறது.

சோதனை எளிது. சமமான பலகையில் வைத்து, பின்பக்கம் இரண்டு புத்தகங்களால் சற்று உயர்த்தி, மேஜை விசிறி காற்றுப் படும்படி ஓடவிடுங்கள். முன்பு இருபது நிமிஷத்தில் நின்றது இப்போது இரண்டு மணி நேரம் ஓடினால், குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான் என்று கொள்ளலாம். பிறகு செய்ய வேண்டியது தூசி எடுப்பதும் பசை மாற்றுவதும்தான். போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பத் தொகை. வீட்டிலேயே தூசி ஊதுவதானால், லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு ஊத வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத லேப்டாப்பைத் திறக்கக்கூடாது.

லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடியை மட்டும் மூடிப் பைக்குள் திணிப்பது நம்மில் பலரின் பழக்கம். தூங்கும் லேப்டாப் சில சமயம் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு, காற்றில்லாமல் கொதித்துப்போகிறது. பையில் வைக்குமுன் முழுவதும் அணைத்துவிடுவது நல்லது.

மின்சாரம் வரும் வழி

தனியார் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் நம் நண்பர் ஒருவரின் அனுபவம் இங்கே குறிப்பிடத்தக்கது. பி.காம். படிக்கும் மகளின் லேப்டாப், பாட வேலையை அனுப்ப வேண்டிய வாரத்தில் தினமும் நின்றது. கடைக்காரர் போர்டு மாற்ற ஒன்பதாயிரம் கேட்டார். பணம் புரளாததால் நண்பர் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். அந்த வாரத்தில் மகளே ஒரு விஷயத்தைக் கவனித்தாள். சும்மா எழுதும்போது நிற்பதில்லை. வீடியோ வகுப்பு நடக்கும்போதுதான் நிற்கிறது. அதுவும் புதிய சார்ஜர் வாங்கிய பிறகுதான்.

பழைய அடாப்டரின் அடியில் "அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்" என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 65 வாட். புதியதில் 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர், அதாவது 45 வாட். பிளக் பொருந்தியது, விளக்கு எரிந்தது, ஆனால் சக்தி போதவில்லை. பாட்டரி நல்ல நிலையில் இருந்திருந்தால் குறைகிற சக்தியை அது ஈடுகட்டியிருக்கும். அது என்றோ செத்துப்போயிருந்தது. வேலை கூடும்போது அடாப்டர் தாங்க முடியாமல் கைவிட, லேப்டாப் நின்றது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் சரியான அடாப்டர் வாங்கியதும் தொல்லை தீர்ந்தது. அந்தப் பெண் பாட வேலையைக் குறித்த நாளில் அனுப்பிவிட்டாள்.

ஆகவே அடாப்டரின் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வோல்ட் எண், லேப்டாப்பின் அடியில் எழுதியிருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் எண் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. அடுத்து, பிளக் மாட்டும் துளையைக் கவனியுங்கள். ஒயரை லேசாக அசைக்கும்போது சார்ஜ் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், உள்ளே துளையின் பிடி தளர்ந்திருக்கிறது. பல லேப்டாப்புகளில் இது போர்டிலிருந்து தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சிறு உதிரி பாகம்தான்.

சுவரையும் மறக்கக்கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மிக்சி, அயர்ன் பாக்ஸ், லேப்டாப் மூன்றும் தொங்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். மிக்சி ஓடும் அந்த நொடியில் மின்சாரம் தாழும். பாட்டரி செத்த லேப்டாப் அதைத் தாங்காது. லேப்டாப்பைத் தனி பிளக்கில் ஒரு நாள் மாட்டிப் பாருங்கள். அதன் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுரீர் என்று இருந்தால், எர்த் சரியில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியது அவசியம்.

பாட்டரியின் ஆயுள்

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயன் பாட்டரி. 1991-இல் விற்பனைக்கு வந்த இந்த வகைப் பாட்டரியை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பெருமை எவ்வளவு இருந்தாலும் அதற்கும் ஆயுள் உண்டு. சில நூறு தடவை நிரப்பித் தீர்த்த பின் அதன் கொள்ளளவு கணிசமாகக் குறைந்துவிடும்.

பாட்டரி நலிந்ததற்கு அடையாளம், 40 சதவீதம், 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைவது. விண்டோஸில் இதை அறிய ஒரு கட்டளை உண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துக்களை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, பாட்டரி ரிப்போர்ட் என்ற இரு சொற்களையும் ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் ஓர் அறிக்கை தயாராகும். புதிதாக இருந்தபோது பாட்டரியின் கொள்ளளவு என்ன, இன்று நிரம்பும்போது என்ன என்ற இரண்டு எண்கள் அதில் இருக்கும். இன்றைய எண் பாதிக்கும் கீழே போயிருந்தால் புதுப் பாட்டரிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

பாட்டரி உப்பி, கீபோர்டோ அடித்தகடோ தூக்கிக்கொண்டு நின்றால் உடனே லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். குத்துவதோ அழுத்துவதோ தீவிபத்தில் முடியும். குழந்தைகள் படுத்துறங்கும் ஒற்றை அறை வீட்டில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். அதைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் தவறு. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இயந்திரமா, மென்பொருளா?

இயந்திரம் நன்றாக இருந்தும் மென்பொருளால் நிற்பது உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியபோது, விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்கள் அறுபது வினாடி எண்ணிவிட்டுத் தாமாகவே அணைந்து கிளம்பின. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று யாருடைய போர்டும் கெட்டிருக்கவில்லை.

இயந்திரமா, மென்பொருளா என்று பிரித்தறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. லேப்டாப்பைக் கிளப்பும்போதே, அதன் கம்பெனிக்கு ஏற்ப எஃப்2, எஃப்10, டெலீட் போன்ற விசைகளில் ஒன்றைத் தட்டினால் பயாஸ் என்ற அடிப்படைத் திரை வரும். அங்கே விண்டோஸ் இன்னும் தொடங்கவில்லை. எதையும் மாற்றாமல் அந்தத் திரையிலேயே அரை மணி நேரம் விட்டுவைக்கவும். அங்கேயும் நின்றால் குற்றம் விண்டோஸினுடையதல்ல. உஷ்ணம், மின்சாரம், போர்டு இவற்றில் ஒன்று. அங்கே நிற்காமல் விண்டோஸில் மட்டும் நின்றால், சந்தேகம் பெருமளவு மென்பொருள் பக்கம் சாயும்.

அடுத்து, நீலத்திரையில் வரும் செய்தியைப் படிக்க முடியாதபடி அது மறைந்துவிடுகிறதா? விண்டோஸின் சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி அமைப்பில் "ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்" என்ற இடத்தின் டிக் குறியை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை அப்படியே நிற்கும். அதில் உள்ள பிழையின் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

விண்டோஸின் சொந்தப் பதிவேடு

நாம் நோட்டில் எழுதுவது போல விண்டோஸும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், பிறகு சிஸ்டம் என்ற பகுதியில், லேப்டாப் நின்ற நேரத்தைப் பாருங்கள். எண் 1074 இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு மென்பொருள் முறைப்படி அணைத்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். அமைப்பில் ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் நம் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் அப்டேட்டுக்காகக் கிளம்பாது.

எண் 6008-ம், கெர்னல் பவர் என்ற பெயரோடு எண் 41-ம் இருந்தால், முறைப்படி அணையாமல் நின்றது என்று பொருள். பலர் இந்த 41-ஐப் பார்த்ததும் பவர் பகுதி கெட்டுவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். அது காரணமல்ல, வண்டி நின்றது என்ற தகவல் மட்டுமே. அதன் விவரத்தில் பக்செக் கோட் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது.

நீலத்திரைதான் காரணம் என்றால், கடைசியாக எந்த மென்பொருளை, எந்த டிரைவரைப் போட்டீர்கள் என்று யோசித்து அதை நீக்கிப் பாருங்கள். அடுத்து விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையை ஓடவிடலாம். ரேம் பழுதானால் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழைப் பெயர் வருவது வழக்கம். பல லேப்டாப்புகளில் ரேமைக் கழற்றி, முனையைத் துடைத்து மீண்டும் அழுத்தி மாட்டினாலே சரியாவதும் உண்டு.

கடைக்குப் போகும்போது

இத்தனைக்கும் பிறகு தீரவில்லையென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் இப்போது நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை. "நிற்கிறது" என்று மட்டும் சொல்பவருக்கும், "பயாஸ் திரையிலும் நிற்கிறது, வேறு அடாப்டர் மாட்டிப் பார்த்தாயிற்று, தூசி எடுத்தாயிற்று" என்று நோட்டைக் காட்டிச் சொல்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. நேர்மையான மெக்கானிக்குக்கு அந்த நோட்டு பாதி வேலையை மிச்சப்படுத்தும். மற்றவர் சொல்லுமுன் யோசிப்பார்.

கொடுக்குமுன் எழுத்தில் மதிப்பீடு வாங்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரசீதும், ரிப்பேருக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்ற குறிப்பும் அவசியம். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம். ரசீது இருந்தால்தான் அந்தப் புகாருக்கு வலு.

உண்மையிலேயே போர்டுதான் என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில், அதன் இன்றைய விலையில் பாதிக்குமேல் செலவிடுவது புத்திசாலித்தனமல்ல. அந்தப் பணத்தை நல்ல நிலையில் உள்ள வேறொன்றுக்கு முன்பணமாக்கலாம்.

எட்டணா நோட்டு என்று நாம் அந்தக் காலத்தில் சொன்னது இன்று இருபது ரூபாய். ஒன்பதாயிரம் ரூபாயை எடுத்து வைக்குமுன், அந்த இருபது ரூபாயை முதலில் செலவிட்டு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.